சாஸ் கெட்டியாகிவிட்டதா? தண்ணீர்ச் செம்பை எடுக்கும் முன்...



குழம்பு கெட்டியாகிவிட்டால் என்ன செய்வோம்? ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கலக்குவோம். உப்பு, காரம் பார்ப்போம். ஒரு கொதி விட்டு இறக்குவோம். இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இதே வேலையை, விற்பனைக்காகச் செய்கிற தக்காளி சாஸில் செய்யப் போய் ஒரு குழு நஷ்டப்பட்டது. அதில் என் தவறும் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

தருமபுரி பக்கம் தக்காளி விலை விழுந்த சமயம். பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிலர் காட்டிலேயே விட்டுவிட்டார்கள். "இதை இப்படி வீணாக விடுவதா? சாஸ் போடலாம்" என்று நான் பொறுப்பு பார்க்கும் குழு ஒன்று முடிவெடுத்தது. பயிற்சி எடுத்திருந்தார்கள். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் 48 பாட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அரைக் கிலோ பாட்டில், ஒன்று 60 ரூபாய்.

இரண்டு பாத்திரத்தில் தலா 30 கிலோ தக்காளிக் கூழ் கொதித்தது. முதல் பாத்திரம் நன்றாக வந்தது. எடை போட்டால் 12 கிலோ. இரண்டாவது பாத்திரத்தின் முறை வரும்போது கரண்ட் போய், பாட்டில் கழுவும் வேலை தாமதமாகி, அடுப்பைக் கவனிக்க ஆள் இல்லை. அது 10 கிலோவாகச் சுண்டிவிட்டது. அதைக் கவனிக்காமல் 10 கிலோவுக்கான வினிகரையும் சோடியம் பென்சோயேட்டையும் அளந்து போட்டு அடுப்பை அணைத்துவிட்டார்கள். பாட்டிலில் ஊற்றினால் இறங்கவில்லை.

எனக்கு போன் வந்தது. "மேடம், அல்வா மாதிரி நிக்குது, என்ன பண்றது?" நான் பஸ்ஸில் இருந்தேன். யோசிக்காமல் சொன்னேன்: "கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்குங்கக்கா, சரியாயிடும்."

குழுவிலேயே வயதில் சின்னவர், புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, குடத்திலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீரை எடுத்து ஊற்றிக் கலக்கினார். சாஸ் பார்க்க அழகாக வந்தது. 24 பாட்டிலில் அடைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

பன்னிரண்டாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார். சில பாட்டில்களில் மூடி உப்பியிருக்கிறது. ஒன்றைத் திறந்தால் நுரை பொங்குகிறது, கள் வாடை அடிக்கிறது. எந்தப் பாட்டில் எந்தப் பாத்திரத்தில் போட்டது என்று எழுதி வைக்காததால் நல்ல 24 பாட்டிலும் சேர்ந்து திரும்பி வந்தது. 48 பாட்டில், 2,880 ரூபாய். கடைக்காரர் அடுத்த ஆர்டரும் தரவில்லை.

அடுத்த கூட்டத்தில் "தண்ணி ஊத்தினது யாரு?" என்ற பேச்சு வந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் அந்தத் தங்கை கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சாஸ் ஏன் கெட்டது என்று பயிற்சி கொடுத்தவர்களிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

குழம்பு வேறு, சாஸ் வேறு

காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். பாட்டில் சாஸ் மாதக்கணக்கில் கடை அலமாரியில் நிற்க வேண்டும். அத்தனை நாள் அதைக் கெடாமல் காப்பது எது? தக்காளியின் புளிப்பு, வினிகர், சர்க்கரை, உப்பு, அளவாகச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட், நன்றாகக் கொதித்த சூடு. இவை சேர்ந்துதான் காவல் காக்கின்றன. 10 கிலோவுக்கு வைத்த காவலை 12 கிலோவுக்குப் பங்கு போட்டால் காவல் இளைத்துவிடும்.

கணக்காகப் பார்ப்போம். உங்கள் செய்முறையில் முடிந்த சாஸ் ஒரு கிலோவுக்கு வினிகர் 30 மில்லி, சோடியம் பென்சோயேட் கால் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 கிலோவுக்கு: வினிகர் 300 மில்லி, பென்சோயேட் இரண்டரை கிராம்.
12 கிலோவுக்கு: வினிகர் 360 மில்லி, பென்சோயேட் 3 கிராம்.

அந்தக் குழு 10 கிலோ அளவைப் போட்டுவிட்டு, சாஸை 12 கிலோ ஆக்கியது. வினிகர் 60 மில்லி குறைந்தது. பென்சோயேட் அரை கிராம் குறைந்தது. இது ஒரு தவறு.

இதைவிடப் பெரிய தவறு, குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஊற்றியது. குடிக்கிற தண்ணீரிலும், செம்பிலும், கையிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். ஊற்றிய பிறகாவது சாஸைத் திரும்பக் கொதிக்க வைத்திருந்தால் தப்பித்திருக்கும். அதுவும் நடக்கவில்லை. ஆறிப்போன சாஸ் அப்படியே பாட்டிலுக்குள் போனது.

ஆகவே, தண்ணீர் ஊற்றியதே தவறு என்று சொல்ல முடியாது. தக்காளியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைத்தான் கொதிக்க வைத்துச் சுண்டவிடுகிறோம். அளவுக்கு மேல் சுண்டினால் போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கலாம். எப்போது, எவ்வளவு, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பாருங்கள்: உண்மையிலேயே கெட்டிதானா?

தட்டுச் சோதனை: ஒரு தேக்கரண்டி சாஸை எவர்சில்வர் தட்டில் விட்டு நன்றாக ஆறவிடுங்கள். சொட்டைச் சுற்றி வளையம் போலத் தண்ணீர் பிரிந்தால் இன்னும் சுண்ட வேண்டும். தண்ணீர் பிரியாமல், தட்டைச் சாய்த்தால் மெதுவாக நகர்ந்தால் பதம் சரி. சாய்த்தும் அசையாமல் ஒரே கட்டியாக நின்றால்தான் அதிகக் கெட்டி. சாஸ் சூட்டில் இளகியும் ஆறினால் இறுகியும் இருக்கும். அதனால் கொதிக்கும் பாத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆறிய சொட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குலுக்கல் சோதனை: நல்ல சாஸ்கூடப் பாட்டிலைக் கவிழ்த்தால் உடனே விழாது. நன்றாகக் குலுக்கினால் இளகி வரும். அது தக்காளி சாஸின் குணம். குலுக்கியும் வராவிட்டால்தான் குறை.

எடை: இதுதான் கடைசித் தீர்ப்பு. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்திருந்தால், சாஸோடு எடை போட்டுக் கழித்துவிடலாம். நன்றாக வந்த நாளில் 30 கிலோ கூழுக்கு 12 கிலோ சாஸ் கிடைத்தது என்றால், அதுதான் உங்கள் இலக்கு எடை. இன்று 10 கிலோதான் இருக்கிறது என்றால் 2 கிலோ அதிகமாகச் சுண்டிவிட்டது. இனி எவ்வளவு சேர்க்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது. 2 கிலோவுக்கு மேல் ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது.

சரி செய்வது எப்படி?

1. அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். அடி பிடிக்காமல் நீளமான கரண்டியால் அடிவரை கிளறிக்கொண்டே இருங்கள்.

2. பக்கத்து அடுப்பில், வடிகட்டிய தக்காளிச் சாற்றைத் தனியாகக் கொதிக்க வையுங்கள். ஒவ்வொரு தடவை சாஸ் போடும்போதும் இரண்டு லிட்டர் சாற்றைத் தனியே எடுத்து வைப்பது நல்ல பழக்கம். தண்ணீரைவிடச் சாறு மேல். அதில் புளிப்பும் நிறமும் ருசியும் இருக்கிறது. சாறு இல்லாவிட்டால் நன்றாகக் கொதித்த தண்ணீர் போதும். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது.

3. கொதிக்கும் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் ஒரு பக்கம் நீர்த்தும் ஒரு பக்கம் கட்டியாகவும் நிற்கும்.

4. பாத்திரம் முழுவதும் தளதளவென்று கொதி வர வேண்டும். கொதி வந்த பிறகும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். மறுபடி தட்டுச் சோதனை செய்து, எடை பாருங்கள்.

5. உப்பு, வினிகர் இரண்டையும் பதம் சரியான பிறகு கடைசி எடைக்குக் கணக்கிட்டுச் சேருங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா? கூடிய எடைக்கு மட்டும் அதே கணக்கில் சேருங்கள். 2 கிலோ கூடியிருந்தால் வினிகர் இன்னும் 60 மில்லி.

6. சோடியம் பென்சோயேட்டும் அப்படியே. 2 கிலோ கூடினால் இன்னும் அரை கிராம். கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக் கலக்குங்கள். கண்ணளவு, கையளவு வேண்டாம். நகைக்கடைத் தராசு போலச் சின்ன எடை காட்டும் மின் தராசு வேண்டும். "கெடாமல் இருக்கட்டும்" என்று கூடப் போட்டாலும் தவறு. சட்டத்தில் அதற்கு உச்ச வரம்பு உண்டு.

7. சூடு ஆறும் முன் பாட்டிலில் ஊற்றுங்கள். தெர்மாமீட்டரில் 85 டிகிரிக்குக் குறையக் கூடாது. பாட்டிலும் மூடியும் கொதிநீரில் சுத்தம் செய்து தயாராக இருக்க வேண்டும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, மூடிய கண்ணாடி பாட்டில்களை 85 முதல் 90 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

அடி பிடித்துவிட்டால்? அடியைச் சுரண்டாதீர்கள். மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். தீய்ந்த வாடை இருந்தால் தண்ணீரோ சர்க்கரையோ அதை மறைக்காது. அதை விற்க வேண்டாம். ஒரு பாத்திரம் போனால் ஒரு நாள் நஷ்டம். அதை விற்றால் குழுவின் பெயர் போய்விடும்.

பாட்டிலில் அடைத்த பிறகு தெரிந்தால்? அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் என்றால், எல்லாப் பாட்டிலையும் திறந்து பாத்திரத்தில் கொட்டி, மேலே சொன்ன முறையில் மறுபடி கொதிக்க வைக்கலாம். பாட்டில்களையும் மறுபடி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே தண்ணீரை விட்டுக் குலுக்குவது வேண்டாம். கடைக்குப் போய்த் திரும்பியது, மூடி உப்பியது, நுரை வந்தது, இவற்றைச் சரி செய்ய வழி கிடையாது. ருசி பார்க்காதீர்கள். நல்ல சாஸோடு கலக்காதீர்கள். அப்புறப்படுத்துங்கள்.

நீர்த்துப் போனாலும் குற்றம்தான்

"அப்படியானால் கொஞ்சம் தண்ணியாகவே இறக்கிவிடலாமே, எடையும் கூடும்" என்று ஒரு அக்கா கேட்டார். கூடாது. தக்காளி சாஸுக்கு அரசு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. உப்பு நீங்கலாக, கரைந்துள்ள திடப்பொருள் நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையக் கூடாது. புளிப்பு, அசிட்டிக் அமிலக் கணக்கில், நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பரிசோதனைக்கு எடுத்துப் போய் இதைத்தான் அளப்பார்கள்.

அதே சமயம் அதிகக் கெட்டியும் நமக்கு நஷ்டம். 12 கிலோ வர வேண்டியது 10 கிலோவானால், அரைக் கிலோ பாட்டிலில் நான்கு குறைகிறது. 60 ரூபாய் வீதம் 240 ரூபாய் ஆவியாகப் போய்விட்டது. விறகோ கேஸோ கூடச் செலவாகிறது.

திடப்பொருள் அளவைப் பார்க்க ரெஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஆறிய சாஸ் ஒரு சொட்டு வைத்தால் எண் காட்டும். ஒரு குழு தனியாக வாங்க முடியாவிட்டாலும், கூட்டமைப்பில் ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். வாங்கும்போது சாஸுக்கு ஏற்ற அளவு அதில் வருமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க

* கோல் அளவு: பக்கம் நேராக உள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் கூழை ஊற்றியதும் சுத்தமான மரக்கோலை நிறுத்திக் கூழின் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொரு கோடு. கூழ் அந்தக் கோட்டுக்கு இறங்கும்போது தட்டுச் சோதனையை ஆரம்பியுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.
* பாட்டில், மூடி, புனல் எல்லாம் தயாரான பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.
* ஒரு பாத்திரத்துக்கு ஒருவர் பொறுப்பு. அவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து உட்கார்ந்த பிறகே போக வேண்டும்.
* ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி எண். அதே எண்ணும் தேதியும் பாட்டில் லேபிளிலும் இருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்தக் குழுவுக்கு நல்ல 24 பாட்டிலாவது மிஞ்சியிருக்கும்.
* ஒரு நோட்டில் கூழ் எடை, சாஸ் எடை, வினிகர் அளவு, கடைசியில் சேர்த்தது எல்லாம் எழுதுங்கள்.
* புதிதாகத் தொடங்கும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, முதல் தயாரிப்பைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு விற்பனைக்குப் போங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

சமையல் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

பள்ளியிலும் விசேஷ வீட்டிலும் சமைக்கிற நம் உறுப்பினர்கள் பலர். அன்றே பரிமாறும் குழம்புக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. ஆனாலும் எதனால் கெட்டியானது என்று பார்த்துச் சேர்ப்பது நல்லது. சாம்பார் பருப்பினால் இறுகும். கொதிநீர் விட்டு ஒரு கொதி வரட்டும், பிறகு உப்பும் புளியும் பாருங்கள். புளிக்குழம்பில் புளித்தண்ணீர் விட்டால் பச்சை வாடை போகும்வரை கொதிக்க வேண்டும். தேங்காய் அரைத்த குழம்பை வெந்நீர் விட்டு லேசாகக் கொதித்ததும் இறக்குங்கள், நேரம் ஆனால் திரிந்ததுபோல ஆகிவிடும். மோர்க்குழம்புக்கு நீர்மோர் விட்டு, நுரை கூடியதும் அணையுங்கள். சோளமாவு கரைத்துவிட்ட குழம்பு ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

கடைசியாக ஒன்று

விஷயம் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். "தண்ணி ஊத்தச் சொன்னது நான்தான். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, எடை கேட்கவில்லை. தப்பு என்னுடையது" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தயங்கினேன். அந்த இரண்டு வாரமும் பழியைச் சுமந்தது அந்தத் தங்கை. அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். "நீங்க சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா சொன்னா யாரு நம்புவாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நஷ்டத்தைக் குழுவின் பொதுக் கணக்கில் ஏற்பது என்று தீர்மானம் போட்டார்கள். எடை நோட்டு எழுதும் பொறுப்பை அந்தத் தங்கையிடமே கொடுத்தார்கள். அடுத்த தடவை சாஸ் போட்ட நாளில், 12 கிலோ வந்ததும் "அடுப்பை நிறுத்துங்க" என்று முதலில் குரல் கொடுத்தவர் அவர்தான்.

உங்கள் குழுவிலும் ஒரு தயாரிப்பு கெட்டுப் போகலாம். அப்போது "யார் செய்தது?" என்று கேட்கும் முன் "எந்த இடத்தில் தவறியது?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்துப் பாருங்கள். போன பணத்தை அடுத்த தடவை சம்பாதித்துக்கொள்ளலாம். குழுவை விட்டு விலகிப் போன உறுப்பினரைத் திரும்பக் கூட்டி வருவது அவ்வளவு சுலபம் இல்லை.

கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்கு:
1. நம் தயாரிப்பின் இலக்கு எடை எவ்வளவு? எல்லோருக்கும் தெரியுமா?
2. வினிகர், சோடியம் பென்சோயேட் அளவை யார் அளக்கிறார்கள்? எங்கே எழுதுகிறார்கள்?
3. போன முறை நஷ்டம் வந்தபோது நாம் யாரையாவது தனியாக நிறுத்திவிட்டோமா?